சர்ஃபேஸ் மாத்தியாச்சு, காரிடார் ரீபில்ட் பண்ணியாச்சு, ஆனா கிராஸ் செக்ஷன்ல தரைக்கோடு பழசாவே நிக்குது

#1 மட்டக்கோல்

எல்லாருக்கும் வணக்கம். சிவில் 3டி டிசைன் சாஃப்ட்வேர்ல ஒரு ரோடு, செயினேஜ் (ரோட்டோட ஆரம்பத்துல இருந்து மீட்டர் தூரம்) 0ல இருந்து 1860 வரைக்கும். வேற ஒருத்தர் ஆரம்பிச்சு பாதில விட்ட ஃபைல், இப்ப என் தலைல. விஷயம் என்னன்னா 640ல இருந்து 980 வரைக்கும் நடுக்கோட்டுல இருந்து வலது பக்கம் பூரா மண்ணைக் கொட்டி பரப்பி வச்சிருந்திருக்காங்க, முதல் சர்வே அந்த மண்ணுக்கு மேல எடுத்தது, இப்ப அந்த மண்ணை வாரி எடுத்துட்டாங்க, அதனால அந்த இடத்துக்கு மட்டும் புதுசா லெவல் எடுத்து புள்ளி வந்திருக்கு, 5001ல இருந்து 5118 வரைக்கும். இம்போர்ட் பண்ணேன், சர்ஃபேஸ் (புள்ளிகளை முக்கோணமா இணைச்ச தரை மாடல்) ரீபில்ட் குடுத்தேன், காரிடார் (ரோட்டோட 3டி டிசைன் மாடல்) ரீபில்ட் குடுத்தேன். ப்ரொஃபைல்ல (ரோட்டை நீளவாக்குல வெட்டிப் பாக்கற படம்) தரைக்கோடு அசையவே இல்ல. கிராஸ் செக்ஷன்ல (குறுக்கா வெட்டிப் பாக்கற படம்) பாத்தா சிலது மாறின மாதிரி இருக்கு சிலது மாறல, ஒண்ணும் புரியல. நாளன்னைக்கு சப்மிஷன். செக்ஷன் வியூ எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு புதுசா போட்டுப் பாத்தேன், அப்பவும் அதே பழைய கோடு, நகர்த்தி வச்சிருந்த லேபிள் எல்லாம் போனதுதான் மிச்சம். என்ன பண்ணலாம்?

#2 ரீஜென்_ராஜா

ரீஜென் ஆல் அடிச்சு பாத்தீங்களா ப்ரோ. எனக்கு பாதி பிரச்சனை அதுலயே போயிடும்.

#3 காரிடார்வாசி

ராஜா, ரீஜென் ஸ்க்ரீன்ல இருக்கறதை திரும்ப வரையும், அவ்வளவுதான், கணக்கை திரும்பப் போடாது. உங்களுக்கு போற பிரச்சனை எல்லாம் கண்ணுக்கு மட்டும் தெரியற பிரச்சனை.

மட்டக்கோல் தம்பி, முதல்ல இனிமே எதையும் டெலிட் பண்ணாதீங்க. செக்ஷன் வியூ கடைசி ஆள், அவரு மேல இருந்து குடுக்கறதை காட்டற ஆளு, அவரை அடிச்சு பிரயோஜனம் இல்ல. புள்ளி, அதுல இருந்து பாயிண்ட் குரூப், அதுல இருந்து சர்ஃபேஸ், சர்ஃபேஸ்ல இருந்து தரை ப்ரொஃபைல், அப்புறம் காரிடார், காரிடார் சர்ஃபேஸ், சாம்பிள் லைன் (செக்ஷன் எங்க வெட்டணும்னு காட்டற குறுக்குக் கோடு), செக்ஷன், அதுக்கும் கீழதான் மெட்டீரியல், வால்யூம். மேல இருந்து ஒவ்வொண்ணா கேட்டுட்டு வாங்க, எங்க பழைய நம்பர் வருதோ அங்க நிறுத்துங்க.

ஒரே ஒரு சோதனை பண்ணி சொல்லுங்க. 720ல வலது பக்கம் 14 மீட்டர் தள்ளி சர்ஃபேஸ் மேல கர்சரை வைங்க. என்ன லெவல் காட்டுது? அதுக்குப் பக்கத்துல இருக்கற புதுப்புள்ளி என்ன லெவல்? ப்ரொஃபைல், செக்ஷன் ரெண்டையும் மறந்துடுங்க இப்போதைக்கு.

#4 மட்டக்கோல்

சர்ஃபேஸ் 101.42 காட்டுது அண்ணே. பக்கத்துலயே இருக்கற 5047ம் நம்பர் புள்ளி 100.96. அப்ப சர்ஃபேஸே மாறலியா? ஆனா ரீபில்ட் குடுத்தேனே, மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி கூட போயிடுச்சு. அப்புறம் எப்படி சில செக்ஷன் மட்டும் மாறிச்சு?

#5 காரிடார்வாசி

சில செக்ஷன் மாறினது தரைக்கோடா, டிசைன் கோடா? நடுவுல எஃப்ஆர்எல் (முடிஞ்ச ரோட்டோட டிசைன் லெவல்) எதையாவது தொட்டீங்களா?

#6 மட்டக்கோல்

அய்யோ ஆமா. 700 கிட்ட ஒரு விபிஐயை (டிசைன் ப்ரொஃபைல்ல சரிவு மாறற புள்ளி) 30 மில்லிமீட்டர் ஏத்தினேன், வேற ஒரு கமெண்டுக்காக. அப்ப நான் பாத்தது அதுதானா. தரை ஒரு செக்ஷன்ல கூட மாறல. தப்பா சொல்லிட்டேன் சாரி.

#7 காரிடார்வாசி

சாரி எதுக்கு, எல்லாரும் பண்றதுதான். ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் மாத்தினா எது எதால மாறுச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

இப்ப சர்ஃபேஸ் ப்ராப்பர்ட்டீஸ் போங்க, டெஃபனிஷன் டேப், கீழ ஆபரேஷன் லிஸ்ட் இருக்கும். அதை மேல இருந்து கீழ அப்படியே இங்க எழுதுங்க. வேற ஆள் ஃபைல்னு சொன்னீங்க இல்ல, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

#8 ரீஜென்_ராஜா

இவ்வளவு எதுக்கு, அந்த சர்ஃபேஸை தூக்கிட்டு அதே பேர்ல புதுசா ஒண்ணு போட்டா முடிஞ்சிடும்ல?

#9 சங்கிலி20

ராஜா தயவுசெஞ்சு அதை யாருக்கும் சொல்லாதீங்க. நான் ஒரு தடவ பண்ணேன். பேர் ஒண்ணா இருந்தா சாஃப்ட்வேருக்கு அது பழைய சர்ஃபேஸ் ஆயிடாது, அது பேரை வச்சு பிடிச்சிருக்கல, ஆப்ஜெக்டையே பிடிச்சிருக்கு. காரிடார்ல டேலைட்டுக்கு (ஓரச் சரிவு போய் தரையைத் தொடற இடம்) குடுத்த டார்கெட் அறுந்து போச்சு, அடுத்த ரீபில்ட்ல ஷோல்டர் வரைக்கும் வந்துட்டு சரிவே இல்லாம மொட்டையா நின்னுச்சு. சாம்பிள் லைன் குரூப்லயும் புது சர்ஃபேஸ் தானா வராது, சாம்பிள் மோர் சோர்சஸ்ல போய் நாமதான் சேக்கணும். ஒரு நாள் போச்சு எனக்கு.

#10 மட்டக்கோல்

லிஸ்ட் இதுதான்:

பிரேக்லைன் சேர்த்தது
பாயிண்ட் குரூப் சேர்த்தது, பேரு "தரை"
எட்ஜ் டெலிட், எட்ஜ் டெலிட், எட்ஜ் டெலிட், இப்படி ஒரு நாப்பது இருக்கும் (முக்கோணத்தோட பக்கத்தை அழிச்சது)
ஸ்னாப்ஷாட்
பவுண்டரி சேர்த்தது

புதுப்புள்ளி "தரை" குரூப்லயே விழுந்திருக்கு, செக் பண்ணிட்டேன்.

#11 காரிடார்வாசி

நினைச்சேன். ஸ்னாப்ஷாட்.

விளக்கமா சொல்றேன், ஏன்னா இது ஆளைக் கொல்ற விஷயம். ஸ்னாப்ஷாட்னா சர்ஃபேஸை அந்த நிமிஷத்துல உறைய வச்ச மாதிரி. பெரிய ஃபைல்ல ஒவ்வொரு தடவையும் எல்லா புள்ளியையும் படிச்சு முக்கோணம் போட நேரம் ஆகுதுன்னு முன்னாடி இருந்தவர் போட்டிருப்பாரு, தப்பு இல்ல. ஆனா அது இருந்தா ரீபில்ட் குடுக்கும்போது கணக்கு ஸ்னாப்ஷாட்ல இருந்துதான் ஆரம்பிக்கும். அதுக்கு மேல லிஸ்ட்ல இருக்கற எதையும் திரும்பிப் பாக்காது. உங்க பாயிண்ட் குரூப் ஸ்னாப்ஷாட்டுக்கு மேல இருக்கு. குரூப்ல நூறு புள்ளி சேந்தாலும் ஆயிரம் சேந்தாலும் சர்ஃபேஸுக்கு தெரியாது. ரீபில்ட் வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு சொல்லும், ஆச்சரியக்குறி போகும், பொய்யும் சொல்லல, அது பாக்க வேண்டியதை பாத்து முடிச்சுடுச்சு.

சர்ஃபேஸ் மேல ரைட் க்ளிக், ரீபில்ட் ஸ்னாப்ஷாட் இருக்கும், ரிமூவ் ஸ்னாப்ஷாட்டும் இருக்கும். 1860 மீட்டர் ரோடுக்கு ஸ்னாப்ஷாட் தேவையே இல்ல, ரிமூவ் பண்ணிடுங்க. ஃபைலை ஒரு காப்பி எடுத்துட்டு.

#12 மட்டக்கோல்

ரிமூவ் பண்ணேன் அண்ணே. சர்ஃபேஸ் மாறுச்சு!! ஆனா பயங்கரமா மாறுச்சு. அந்த 640-980 ஏரியால கான்டூர் (சம உயரக் கோடு) எல்லாம் முள்ளு முள்ளா, ஒரு இடத்துல 101.4 அதுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி 100.9, அதுக்கு அடுத்து மறுபடி 101.4. பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு.

#13 ஸ்ட்ரிங்பாட்டன்

பழைய புள்ளியும் உள்ள இருக்குடா தம்பி. மண்ணை எடுத்தாங்க, புள்ளியை யாரு எடுத்தா? ரெண்டு சர்வேயும் ஒரே குரூப்ல கிடந்தா சாஃப்ட்வேர் ரெண்டையும் தரைன்னு நம்பி முக்கோணம் போடும், அதுக்கு எது பழசுன்னு எப்படித் தெரியும். பழைய புள்ளில அந்த ஏரியாக்குள்ள எந்த நம்பர் வருதுன்னு பாத்து குரூப்ல எக்ஸ்க்ளூட் டேப்ல போடு. புள்ளியை அழிக்காத. நாளைக்கு எவனாவது முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு கேப்பான், மண்ணை வாரினதுக்கு யாராவது கணக்கு கேப்பாங்க, அப்ப அந்த பழைய லெவல்தான் சாட்சி.

அப்புறம் பிரேக்லைன். பரப்பின மண்ணுக்கு மேல்விளிம்பு, அடிவிளிம்புன்னு கோடு போட்டிருப்பாங்க. புள்ளியை விலக்கினாலும் கோட்டுல பழைய லெவல் ஒட்டிட்டு இருக்கும். அதையும் சர்ஃபேஸ்ல இருந்து எடு.

#14 மட்டக்கோல்

ஐயா நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. 2140ல இருந்து 2265 வரைக்கும் பழைய புள்ளி எக்ஸ்க்ளூட் பண்ணேன், ரெண்டு பிரேக்லைன் இருந்துச்சு அதையும் எடுத்தேன். இப்ப கான்டூர் அழகா போகுது. 720ல அதே இடத்துல 100.96 காட்டுது.

காரிடார் ரீபில்ட் பண்ணேன். செக்ஷன்ல தரைக்கோடு மாறிடுச்சு, 18 செக்ஷனும். ஆனா ப்ரொஃபைல்ல தரைக்கோடு இன்னும் பழசு. ஒரே சர்ஃபேஸ்ல இருந்துதானே ரெண்டும்?

#15 காரிடார்வாசி

ப்ரொஃபைல் ஸ்டாட்டிக்கா இருக்கும். சர்ஃபேஸ்ல இருந்து ப்ரொஃபைல் எடுக்கும்போது அப்டேட் மோட்னு ஒரு கட்டம் இருக்கு, டைனமிக், ஸ்டாட்டிக்னு. ஸ்டாட்டிக்னு எடுத்தா அன்னைக்கு இருந்த தரையை ஃபோட்டோ எடுத்த மாதிரி, சர்ஃபேஸுக்கும் அதுக்கும் உறவு முடிஞ்சுது. ப்ரொஃபைல் வியூ ப்ராப்பர்ட்டீஸ்ல ப்ரொஃபைல்ஸ் டேப்ல பாருங்க. அங்கயே டைனமிக்னு மாத்திப் பாருங்க, சரிப்படலன்னா புதுசா ஒரு தரை ப்ரொஃபைல் டைனமிக்கா எடுத்துக்கோங்க. பழசை உடனே தூக்காதீங்க, ஒரே வியூல ரெண்டும் தெரியட்டும், 640க்கு முன்னாடியும் 980க்கு பின்னாடியும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படியணும். படியலன்னா வேற எங்கயோ எதையோ தொட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

செக்ஷனுக்கும் இதே கதை உண்டு, சாம்பிள் லைன் குரூப் ப்ராப்பர்ட்டீஸ்ல செக்ஷன்ஸ் டேப்ல அதே மாதிரி அப்டேட் மோட். உங்களுக்கு அது டைனமிக்கா இருந்திருக்கு, பொழைச்சீங்க.

#16 மட்டக்கோல்

புது ப்ரொஃபைலே எடுத்துட்டேன், புது ப்ரொஃபைல் வியூவும் போட்டேன். கோடு சரி. ஆனா கீழ பேண்ட்ல (லெவல் நம்பர் எல்லாம் வர்ற பட்டை) ஆழம் காட்டற வரிசைல எல்லா செயினேஜ்லயும் 0.000. எஃப்ஆர்எல் வரிசையும் ஓஜிஎல் (இருக்கற தரை லெவல்) வரிசையும் ஒரே நம்பர். இன்னைக்கு என் ஜாதகமே சரியில்ல போல.

#17 சங்கிலி20

இது ஜாதகம் இல்லப்பா எல்லாருக்கும் வர்றதுதான். பேண்ட்ல ப்ரொஃபைல் 1, ப்ரொஃபைல் 2ன்னு ரெண்டு இடம் இருக்கும், வியூ புதுசா போடும்போது ரெண்டுலயும் தரையே உக்காந்திருக்கும். தரைல இருந்து தரையைக் கழிச்சா பூஜ்யம்தானே. ப்ரொஃபைல் வியூ ப்ராப்பர்ட்டீஸ், பேண்ட்ஸ் டேப், வலது பக்கம் தள்ளிட்டே போனா அந்த ரெண்டு கட்டமும் வரும், ரொம்ப தூரம் தள்ளணும் அதனாலதான் யாரும் பாக்கறதில்ல. ரெண்டாவதை டிசைன் ப்ரொஃபைலா மாத்து. எல்லா பேண்டுக்கும் தனித்தனியா.

கிராஸ் செக்ஷன் பேண்ட்லயும் இதே மாதிரி சர்ஃபேஸ் 1, சர்ஃபேஸ் 2 உண்டு. நீ வியூ எல்லாம் டெலிட் பண்ணி புதுசா போட்டேன்னு சொன்ன இல்ல, அங்கயும் போய் பாரு.

#18 மட்டக்கோல்

அக்கா கும்பிடு. அங்கயும் அப்படித்தான் இருந்துச்சு. மாத்திட்டேன்.

இன்னொண்ணு கேக்கலாமா. 720, 740, 760ல வலது பக்கம் சரிவு தரையைத் தொடறதுக்கு முன்னாடியே வெட்டின மாதிரி நின்னுடுது. தரைக்கோடும் அதே இடத்துல முடிஞ்சிடுது.

#19 காரிடார்வாசி

சாம்பிள் லைன் அகலம் எவ்வளவு குடுத்திருக்கீங்க? சரிவு என்ன? முன்னாடி டோ (சரிவோட அடி, தரையைத் தொடற இடம்) எங்க இருந்துச்சு?

#20 மட்டக்கோல்

ரெண்டு பக்கமும் 15 மீட்டர். சரிவு 1க்கு 2, கிடைல 2. முன்னாடி 720ல டோ 14.40ல இருந்துச்சு, பழைய பிடிஎஃப்ல பாத்தேன்.

#21 காரிடார்வாசி

கணக்கு போட்டுப் பாருங்க. அந்த இடத்துல தரை 101.42ல இருந்து 100.96க்கு இறங்கியிருக்கு, 0.46. 1க்கு 2 சரிவுன்னா 0.46 இறங்கினா டோ 0.92 வெளிய போகும். 14.40ஓட 0.92 சேத்தா 15.32. உங்க சாம்பிள் லைன் 15லயே முடிஞ்சிடுது. காரிடார் ஒழுங்காதான் போயிருக்கு, ப்ளான்ல பாருங்க டேலைட் கோடு சாம்பிள் லைன் நுனியைத் தாண்டி இருக்கும். சாம்பிள் லைன் எடிட் பண்ணி ஸ்வாத் விட்த் 20 ஆக்குங்க, ஒரேடியா குரூப் முழுக்க. இதுல பயம் என்னன்னா, வெட்டுப்பட்ட துண்டு வால்யூம்லயும் வராது, எந்த எச்சரிக்கையும் வராது.

அகலம் மாறினதும் வியூ எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், அதுக்காக மறுபடி டெலிட் பண்ணிடாதீங்க சாமி. செக்ஷன் வியூ குரூப்ல அப்டேட் குரூப் லேஅவுட் குடுத்தா அதுவே தள்ளித் தள்ளி அடுக்கிடும்.

#22 புதுவளைவு

நடுவுல வர்றேன் மன்னிக்கணும், எனக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி, ஆனா என்னுது அகலப் பிரச்சனை இல்ல. சில செக்ஷன்ல டோ தரையைத் தொடாம அந்தரத்துல நிக்குது, சிலதுல தரைக்குள்ள புதைஞ்சிருக்கு, அதுவும் வளைவுல ரொம்ப மோசம். எல்லாம் டைனமிக், எல்லாம் ரீபில்ட் ஆனது. சாம்பிள் லைன் 20 மீட்டருக்கு ஒண்ணு. காரிடார் ஃப்ரீக்வென்சி எல்லா இடத்துலயும் 25.

#23 காரிடார்வாசி

நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க. 20க்கு ஒரு செக்ஷன் வெட்டறீங்க, காரிடார் 25க்கு ஒரு தடவதான் அசெம்ப்ளியை (ரோட்டோட குறுக்குவெட்டு அச்சு) நிறுத்திப் பாக்குது. உதாரணத்துக்கு 720ல காரிடாருக்கு ஸ்டேஷனே கிடையாது. 700க்கும் 725க்கும் நடுவுல நேர்கோடு இழுத்து அதுல 720 எங்க வருதோ அதை எடுத்துக் காட்டுது. தரை மட்டும் 720ல உண்மையா இருக்கற தரை. ரெண்டும் எப்படி ஒட்டும்?

வளைவுல ஏன் மோசம்னா, 25 மீட்டர் இடைவெளில 100 மீட்டர் ஆரம் வளைவை நாண் நாணா வெட்டினா நடுவுல எவ்வளவு விலகும்னு பாருங்க. இடைவெளியோட வர்க்கம் கீழ 8 மடங்கு ஆரம்: 625ஐ 800ஆல வகுத்தா 0.78 மீட்டர். முக்கால் மீட்டர்! 5 மீட்டர் இடைவெளி வச்சா 25ஐ 800ஆல வகுத்தா 3 சென்டிமீட்டர்தான்.

செங்குத்து வளைவுலயும் உண்டு. 2.0 சதவீத ஏத்தம், 1.5 சதவீத இறக்கம், வளைவு நீளம் 140னு வைங்க. கிரேடு வித்தியாசம் 3.5 சதவீதம். 25 மீட்டர் நாணுக்கு 0.035 பெருக்கல் 625, கீழ 8 பெருக்கல் 140, அதாவது 1120. 0.0195, கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். 5 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வராது. மண் வேலைக்கு 20 மில்லிமீட்டர் பரவால்லன்னு விடலாம், மேல் அடுக்குக்கு லெவல் குடுக்கப் போறீங்கன்னா விட முடியாது.

அதனால நேர்ல 10, வளைவுல 5 வச்சுக்கோங்க, ரெண்டும் 20ஐ மீதியில்லாம வகுக்கும். ஃபைல் கனம் ஆகும், ஆகட்டும்.

#24 புதுவளைவு

அட. ரெண்டு வாரமா டேலைட் சப்அசெம்ப்ளிதான் கெட்டுப் போச்சுன்னு அதை மாத்தி மாத்தி போட்டுட்டு இருந்தேன். நன்றி நன்றி.

#25 ஸ்ட்ரிங்பாட்டன்

எனக்கு ஒண்ணு தோணுது. நாங்க மாஸ்ங்கற பழைய ரோடு டிசைன் சாஃப்ட்வேர்ல வேலை பாத்த காலத்துல எதுவும் தானா மாறாது, இன்புட் ஃபைல் எழுதி ஓட்டணும், ஓட்டலன்னா பழசு. அதனால எது எப்ப ஓடுச்சுன்னு மண்டைல இருக்கும். இப்ப 12டி மாடல்ங்கற சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறேன், இங்கயும் ஃபங்ஷனை ரீகால்க் பண்ணாதான் மாறும், எல்லாத்தையும் வரிசையா ஒரு செயின்ல எழுதி வச்சு ஒரு ஓட்டம் விட்டா தரைல இருந்து செக்ஷன் வரைக்கும் வந்துடும். இந்த டைனமிக் சாஃப்ட்வேர்ல பாதி தானா மாறுது பாதி மாறமாட்டேங்குது, எது எந்தப் பாதின்னு தெரியறதுக்குள்ள தலை நரைச்சிடுது.

#26 சங்கிலி20

ஐயா சொல்றது ஒரு வகைல உண்மைதான், ஆனா வரிசைல ஒரு படியை மறந்தா அந்தக் காலத்துலயும் அதே கதிதானே. ஓப்பன்ரோட்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல கொஞ்ச நாள் இருந்தேன், அங்க டைனமிக் கிராஸ் செக்ஷன் வியூல எல்லாம் அப்பப்ப மாறும், பாக்க ஜோரா இருக்கும், ஆனா ஷீட்ல போட்ட அனோட்டேஷன் பழைய நம்பரோட அப்படியே நிக்கும், அதை நீக்கிட்டு மறுபடி போடணும். கோடு புதுசு, எழுத்து பழசு. அது இன்னும் ஆபத்து, பாக்கறவன் எழுத்தைத்தானே நம்புவான்.

மட்டக்கோல், வால்யூம் எடுத்தியா?

#27 மட்டக்கோல்

எடுத்தேன் அக்கா. காரிடார் 10க்கு மாத்தி, அகலம் 20 ஆக்கி, அப்புறம். 720ல ஃபில் (மண் நிரப்பற) ஏரியா 58.2 சதுர மீட்டர், 740ல 61.6. சராசரி 59.9, 20 மீட்டருக்கு 1198 கன மீட்டர். பழைய பிடிஎஃப்ல இதே இடத்துல 52.7, 55.9, வால்யூம் 1086. ஒரு 20 மீட்டருக்கே 112 ஏறியிருக்கு, இவ்வளவு ஏறுமா? ரிவ்யூ பண்றவர் கேட்டா என்ன சொல்றது?

#28 சங்கிலி20

கையால போட்டுப் பாத்துடலாம். நடுக்கோட்டுல இருந்து வலது டோ வரைக்கும் ஒரு 14.5 மீட்டர், தரை ஓரத்துல 0.46 இறங்கியிருக்கு, நடுக்கோட்டு பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கும், சராசரி 0.38னு வை. பெருக்கினா 5.5 சதுர மீட்டர். உன் வித்தியாசம் 720ல 5.5, 740ல 5.7. சரியாத்தான் வருது. ரிவ்யூக்காரர்கிட்ட இதையே ஒரு வரில சொல்லு போதும்.

டேபிள் டைனமிக்கா போட்டிருந்தா மாறும். ஆனா ரிப்போர்ட்னு எடுத்து வச்சிருப்பியே, அந்தத் தனி ஃபைல், அது எடுத்த அன்னைக்கு என்னவோ அதுதான், எப்பவும் மாறாது. நடுவுல புதுசா சாம்பிள் லைன் சேத்தா கம்ப்யூட் மெட்டீரியல்ஸ் மறுபடி போகணும், இல்லன்னா புது லைன்ல மெட்டீரியலே இருக்காது.

#29 மட்டக்கோல்

சரி அக்கா. கிட்டத்தட்ட முடிஞ்சுது. ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்துது. 980ல புது சர்வே முடிஞ்சு பழைய சர்வே ஆரம்பிக்கற இடத்துல ப்ரொஃபைல்ல தரைக்கோடு சின்னதா ஒரு படி ஏறுது, 9 சென்டிமீட்டர். 640லயும் அதே மாதிரி 9 சென்டிமீட்டர் இறங்குது. அங்க எல்லாம் மண்ணு கொட்டவே இல்ல, ஃபோட்டோல பாத்தா தட்டையான நிலம். எட்ஜை ஸ்வாப் பண்ணி சரி பண்ணிடலாமா?

#30 ஸ்ட்ரிங்பாட்டன்

எட்ஜைத் தொடாதே! ரெண்டு முனைலயும் ஒரே 9ன்னா அது முக்கோணத்தோட தப்பு இல்லடா, பெஞ்ச்மார்க் (லெவல் எடுக்க ஆதாரமா வச்ச உயரம்) தப்பு. ரெண்டு சர்வேக்கும் பொதுவா ஏதாவது புள்ளி இருக்கா பாரு, கல்வெர்ட் மேல, கல்லு மேல, எதாவது அசையாத பொருள் மேல. இருந்தா வித்தியாசம் எடு. எல்லாத்துலயும் 9 வந்தா சர்வேயரை கூப்பிடு, திட்டாம கேளு, டெம்பரரி பெஞ்ச்மார்க்குக்கு என்ன மதிப்பு எடுத்தீங்கன்னு மட்டும் கேளு.

#31 மட்டக்கோல்

ஒரு கல்வெர்ட் மேல ரெண்டு சர்வேலயும் நாலு புள்ளி இருக்கு. வித்தியாசம் 0.09, 0.09, 0.08, 0.09. சர்வேயருக்கு போன் போட்டேன். அவர் நோட்டைப் புரட்டிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னாரு, பெஞ்ச்மார்க் மதிப்புல கடைசி ரெண்டு இலக்கம் மாத்தி எழுதியிருக்காரு, புது சர்வே பூரா 0.09 கீழ இருக்கு. திருத்தின ஃபைல் அனுப்பறேன்னாரு.

அப்ப நான் இவ்வளவு நேரம் பண்ணது எல்லாம் மறுபடி முதல்ல இருந்தா?

#32 காரிடார்வாசி

இல்ல தம்பி. ஃபைல் வந்ததும் அதே புள்ளி நம்பர்ல இம்போர்ட் பண்ணி ஓவர்ரைட் குடுங்க. குரூப் அப்டேட், சர்ஃபேஸ் ரீபில்ட், காரிடார் ரீபில்ட். வேற எதையும் தொடாதீங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வந்து சொல்லுங்க.

#33 மட்டக்கோல்

நாலு நிமிஷம் அண்ணே!! அதுல மூணு நிமிஷம் காரிடார் ரீபில்ட். ப்ரொஃபைல் மாறுச்சு, பேண்ட் மாறுச்சு, 18 செக்ஷனும் மாறுச்சு, 640லயும் 980லயும் படி போயிடுச்சு. 720ல அதே இடத்துல இப்ப 101.05. டோ 15.14, அகலம் 20 வச்சதால முழுசா தெரியுது. ஏரியா 58.2 இருந்தது 56.9 ஆச்சு, 61.6 இருந்தது 60.3. லேபிள் ஒண்ணு கூட நகரல. ப்ரிண்ட் போட்டுட்டு இருக்கேன்.

#34 ரீஜென்_ராஜா

நடுவுல ஒரு ரீஜென் அடிச்சீங்களா இல்லையா, உண்மையச் சொல்லுங்க

#35 மட்டக்கோல்

ஒரு தடவ அடிச்சேன் ராஜா 😀

#36 சங்கிலி20

56.9ஓட 60.3, சராசரி 58.6, 20 மீட்டருக்கு 1172 வரணும். ப்ரிண்ட் போடறதை நிறுத்திட்டு ஒண்ணு பாரு, சப்மிஷன் ஃபோல்டர்ல வால்யூம் ரிப்போர்ட் இருக்குல்ல, அதுல 720-740க்கு என்ன போட்டிருக்கு?

#37 மட்டக்கோல்

1198.

எடுத்துட்டு வர்றேன் அக்கா.